பேரவை ஏற்காத காளை

தோ கிமான் ஜப்பானின் ஃபுகுவோகா விமான நிலையத்தில் இறங்கியபோது அவனிடம் மூன்று சுமைகள் இருந்தன. ஒரு கைப்பெட்டி, ஆய்வுச் சுவரொட்டியைச் சுருட்டி அடைத்த நீளமான குழாய், அப்புறம் ஒரு காளை. முதல் இரண்டையும் சுங்க அதிகாரி திறந்து பார்த்தார். மூன்றாவது கிமானின் மனத்துக்குள் இருந்ததால் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லித் தொலைத்திருப்பான்.

கிமான் கொரியாவின் தென்பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் கால்நடை இனப்பெருக்க ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த ஆய்வாளன். முனைவர் பட்டம் இருந்தது, நிரந்தர வேலை இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் பேராசிரியர் நாம்குங் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். போட்டால் அடுத்த டிசம்பர் வரை கிமான் ஆய்வாளன். போடாவிட்டால் முப்பத்தெட்டு வயதான ஒரு ஆள், அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் நாம்குங்குக்கு ஒரு யோசனை உதித்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கடற்பாசி சூப் கொடுக்கிறோமே, பிள்ளை பெறப்போகிற பசுவுக்கும் கடற்பாசியைக் கொடுத்தால் என்ன? சாற்றைக் காய்ச்சி வடித்துச் சிறு சிறு புட்டிகளில் அடைத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கருவைப் பசுவின் கருப்பையில் வைப்பதற்கு முன்னால் இந்தச் சாற்றை உள்ளே செலுத்துவது என்று திட்டம். சென்ற ஆண்டு மே மாதம் ஒரு கடலோரக் கிராமத்தில் பியோ மால்சுன் என்ற அறுபத்தொரு வயது அம்மாளின் கொட்டிலில் பதினான்கு பசுக்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். பத்து பசுக்கள் சினையாகின. நூற்றுக்கு எழுபத்தொன்று! நாற்பதைத் தாண்டினாலே ஆய்வுக்கூடத்தில் பொரித்த கோழி வரவழைத்துக் கொண்டாடுவது வழக்கம்.

இந்த ஆண்டு மார்ச்சில் கன்றுகள் பிறந்தன. மால்சுன் அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"டாக்டரய்யா, கன்னுக்குட்டிங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா ஆறு குட்டிக்கு உடம்பெல்லாம் வரி வரியா இருக்குது."

"வரியாவா?"

"ஆமா, புலி மாதிரி. பக்கத்துக் கொட்டில்ல வரிமாடு வளக்கிறாங்கல்ல, அவங்க காளை போன வருசம் வேலிய ஒடச்சிக்கிட்டு உள்ள வந்துருச்சு. நீங்க ஊசி போட்டு எல்லா மாட்டையும் ஒரே நாள்ல பருவத்துக்குக் கொண்டாந்தீங்க பாருங்க, அன்னிக்குத்தான். நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டேன். மறுநா மத்தியானம் வந்து பாத்தா, நடுக்கொட்டில்ல படுத்து அசை போட்டுக்கிட்டிருக்கு. எழுந்திருக்கக்கூட முடியல அதுக்கு."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கலியே ஐயா. கேட்டதுக்கெல்லாம் படிவத்துல எழுதிக் குடுத்தேன். தீவனம் எவ்வளவு, தண்ணி எவ்வளவு, வெயில் எவ்வளவுன்னு. காளைக்குக் கட்டம் இல்லை."

உண்மைதான். அந்தப் படிவத்தைத் தயாரித்தவனே கிமான்தான்.

அவன் ஓடிப்போய் நாம்குங்கிடம் சொன்னான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நம்ம ஆய்வுத் திட்டத்துல காளை இருக்கா?"

"இல்லைங்க ஐயா."

"இல்லாத ஒண்ண அறிக்கையில எப்படிப்பா எழுதுறது? அப்புறம் அது அறிவியலா, புரளியா?"

கிமான் வாயை மூடிக்கொண்டான். மே மாதம் ஆசிய பசிபிக் இனப்பெருக்க உயிரியல் பேரவை அவர்களுடைய ஆய்வுச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் போட்டபோதும் மூடிக்கொண்டிருந்தான். ஜூனில் மாவட்டக் கால்நடை அலுவலகம் அந்தக் கடிதத்தையே சான்றாக எடுத்துக்கொண்டு, கடற்பாசிச் சாறு 'சர்வதேசப் பேரவை ஏற்ற முறை' என்று அறிவித்தது. அப்போதும் மூடிக்கொண்டிருந்தான். ஆகஸ்டில் அதே கிராமத்தில் பன்னிரண்டு பசுக்களுக்குச் சாறு செலுத்திக் கரு வைத்தார்கள். புட்டிகளைச் சில்லென்று வைத்திருக்க வேண்டும் என்பதால், பூண்டும் மிளகாயும் போட்டு ஊறவைத்த கிம்ச்சிக்கென்றே ஊரிலேயே பெரிய ஃப்ரிட்ஜ் வைத்திருந்த மால்சுன் அம்மாள் தன் ஃப்ரிட்ஜில் இடம் ஒழித்துக் கொடுத்தாள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று கிமானுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் டிசம்பர் நினைவுக்கு வந்தது.

இப்போது அக்டோபர். பேரவையின் முப்பத்தோராவது மாநாடு. அவர்களுடைய ஆய்வுக்குப் 'பொற்கருமுட்டை' விருது கிடைக்கும் என்று பேச்சு அடிபட்டது.

மாநாட்டு மண்டபம் துறைமுகத்தை ஒட்டி இருந்தது. வாசலிலேயே எல்லாருக்கும் கழுத்துப்பட்டை மாட்டினார்கள். நிறுவனர்களுக்கு ஊதா, உரையாளர்களுக்கு நீலம், சுவரொட்டிக்காரர்களுக்குப் பச்சை. ஆய்வை முழுக்கச் செய்தவன் கிமான் என்றாலும் மேடையில் பேசுபவர் நாம்குங் என்பதால் அவருக்கு நீலம் கிடைத்தது. கிமானுக்குச் சாம்பல் நிறம். "சாம்பல் எதுக்கு?" என்று கேட்டான். "உடன் வருபவர்" என்றாள் வரவேற்புப் பெண். பேராசிரியர்களின் மனைவிமார், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒருவருடைய மாமியார் எல்லாரும் சாம்பல் பட்டையில் இருந்தார்கள். ஊதாக்காரர்கள் காபி குடித்து முடித்து நீலக்காரர்களும் குடித்து முடித்த பிறகுதான் சாம்பலுக்குக் காபி. அதற்குள் இயந்திரத்தைக் கழுவத் தொடங்கிவிட்டார்கள்.

தொடக்க விழாவில் பேரவைத் தலைவர் பேசினார். எண்பது வயதைத் தாண்டியவர். மிகப் பணிவான குரல்.

"நமது பேரவை கடந்த முப்பத்தொரு ஆண்டுகளில் என்ன சாதித்தது என்று சிலர் கேட்கிறார்கள். பெருமையோடு சொல்கிறேன், முப்பத்தொரு மாநாடுகளை நடத்தியிருக்கிறோம். பெருந்தொற்றின்போது உலகமே முடங்கியது. நாம் முடங்கவில்லை. திரையில் கூடினோம். அப்போது கைதட்டலின்றி நம் உரையாளர்கள் வாடுவதைக் கண்டு, அதற்கு முந்தைய மாநாட்டின் கைதட்டலைப் பதிவிலிருந்து எடுத்து ஒலிபரப்பினோம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதுதான் நம் தரம்."

கைதட்டினார்கள். இது பதிவா, இப்போது தட்டுவதா என்று கிமானுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது.

அடுத்தது, ஆய்வுக்காக உயிர் நீத்த விலங்குகளுக்கு மௌன அஞ்சலி. பொதுச்செயலாளர் தொகுனாகா ஒலிவாங்கியில் எலி, முயல், பன்றி, மாடு என்று இனவாரியாக வாசித்தார். தலைவரின் உரை நீண்டுவிட்டதால் ஒரு நிமிட மௌனம் இருபது நொடியாகக் குறைக்கப்படுவதாக வருத்தத்தோடு அறிவித்தார். எல்லாரும் தலை குனிந்தார்கள். இருபதாவது நொடியில் அவரே தொடர்ந்தார். "நாளை விருந்தில் உள்ளூர்க் கன்றின் இறைச்சி பரிமாறப்படும். எப்படி வேக வேண்டும் என்பதை நுழைவுச் சீட்டின் பின்புறம் குறித்துத் தாருங்கள்."

கிமானின் காதில் 'மாடு' என்ற சொல்லே நின்றது.

இடைவேளையில் அவன் தங்கள் சுவரொட்டியின் முன்னால் போய் நின்றான். எழுபத்தொன்று என்ற எண் கைப்பிள்ளை அளவுக்குப் பெரிதாக அச்சாகியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, 'திருத்தம்: ஆய்வு நாளன்று ஒரு காளை வேலி தாண்டி வந்தது' என்று எழுதி, எண்ணின் கீழே ஒட்டினான். மனசு கொஞ்சம் லேசானது போல இருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கையில் அளவுகோலோடு ஒரு தன்னார்வலர் வந்தார்.

"மன்னிக்கணும் சார். சுவரொட்டில எழுத்து குறைஞ்சது இருபத்துநாலு புள்ளி அளவு இருக்கணும். இது கையெழுத்து."

"ஆனா இது ரொம்ப முக்கியமான விஷயம்."

"முக்கியமானா முப்பத்தாறு புள்ளி சார்."

அவர் துண்டை நோகாமல் பிய்த்து, மடித்து, இரண்டு கைகளாலும் கிமானிடம் மரியாதையாக நீட்டினார்.

மண்டபத்தின் கோடியில் 'ஆய்வு நேர்மைப் பிரிவு' என்று ஒரு மேசை இருந்தது. அங்கே கூட்டமே இல்லை. கானேயாசு என்ற நடுத்தர வயது அம்மையார் உட்கார்ந்து பென்சில்களைச் சீவி அடுக்கிக்கொண்டிருந்தார். கிமானைப் பார்த்ததும் அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். மூன்று மாநாடாக யாரும் அந்த மேசைக்கு வந்ததில்லையாம்.

"உட்காருங்க, உட்காருங்க. யார் மேல புகார்?"

"என் மேலதான்."

அம்மையாரின் கை படிவத்தின் மேலேயே நின்றுவிட்டது.

"உங்க மேல வேற யாரோ புகார் சொல்றாங்களா?"

"இல்லை. நானே சொல்றேன். எங்க முடிவு தப்பு. நாங்க செஞ்சதா சொல்றது ஒரு காளை செஞ்சது."

அவர் ஒரு தடித்த விதிநூலை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். பிறகு கவலையோடு நிமிர்ந்து, ஜப்பானிய வழக்கப்படி 'சென்செய்' என்று மரியாதையாக அழைத்தார்.

"தோ சென்செய், புகார் கொடுக்கிறவருக்கும் புகாருக்கு ஆளானவருக்கும் எந்த உறவும் இருக்கக் கூடாதுன்னு விதி. சொந்தக்காரரோ கூட வேலை செய்யறவரோ இருந்தாலே ஏத்துக்க மாட்டோம். நீங்க உங்களுக்கு அதைவிடவும் நெருக்கமில்லையா?"

"அப்ப நான் என்ன பண்றது?"

"உங்களைத் தெரியாத, ஆனா நீங்க செஞ்ச தப்பு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரை அழைச்சிட்டு வாங்க" என்றார். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை எழுதிக்கொண்டிருக்க ஒரு பென்சிலையும் கொடுத்தார்.

அந்தப் பென்சிலோடு வெளியே கடற்காற்றில் வந்து நின்றபோதுதான் தொலைபேசி அடித்தது. மால்சுன் அம்மாள்.

"டாக்டரய்யா, வெளிநாட்டுல இருக்கும்போது தொந்தரவு பண்றேன். மாட்டு டாக்டர் இன்னிக்கு வந்து கருவி வெச்சுப் பாத்தாரு. பன்னண்டுல ஒண்ணுதான் சினை. பதினொண்ணு வெறும் வயிறு."

கிமான் தொலைபேசியை மறுகாதுக்கு மாற்றினான்.

"மாவட்டக் கால்நடை ஆபீசுல இருந்து போங் வந்தாரு. பேரவை ஏத்துக்கிட்ட முறையில சினை புடிக்கலைன்னா அது மலட்டு மாடுதானாம். இனப்பெருக்கப் பதிவுல இருந்து பேரை அடிச்சிட்டு லாரியில ஏத்திடுவாங்களாம். சனிக்கிழமைக்குள்ள ரெண்டு நடையில முடிச்சிடுவாங்களாம். ஊர்ல எல்லாரும் ஒரே அழுகை. ஐயா, நாங்க என்ன தப்புப் பண்ணினோம்னு தெரியல. நீங்க சொன்னபடிதான் செஞ்சோம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். புட்டிய எல்லாம் என் கிம்ச்சி ஃப்ரிட்ஜ்லதானே வெச்சிருந்தேன். பூண்டு வாடை, மிளகா வாடை எல்லாம் ஏறியிருக்குமோ? அதனால மருந்து கெட்டுப்போயிருக்குமோ? என்னாலதானோ?"

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயில் வார்த்தை வந்து நின்றது. சரியாக அந்த நேரம் பார்த்து நாம்குங் மண்டபத்துக் கண்ணாடிக் கதவின் உள்பக்கத்திலிருந்து, விருது உறுதி என்பதுபோல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"இருக்கலாம்மா" என்றான் கிமான். "ஃப்ரிட்ஜாத்தான் இருக்கும்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. பாரம் ஏறிய பெருமூச்சா, இறங்கிய பெருமூச்சா என்று தெரியவில்லை. "நெனச்சேன் ஐயா. என்னை மன்னிச்சிக்குங்க. அவ்வளவு பாடுபட்டுக் கண்டுபுடிச்சதை நான் இப்படிப் பாழ்பண்ணிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கிமான் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே நின்றான். தன் வாய்தானா அதைச் சொன்னது என்று இருந்தது. ஏழு மாதம் பேசாமல் இருந்ததை இதுவரை அவன் பயம் என்று சொல்லி வந்தான். இப்போது பேசியதற்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை.

புதன்கிழமை விருந்து. கிமான் நுழைவுச் சீட்டின் பின்புறத்தில் எதையும் குறிக்காததால் இறைச்சி அவனுக்கு எல்லா விதத்திலும் வந்தது. அவன் தட்டைத் தள்ளி வைத்தான். எதிரே இருந்த மாமியார் "ஒடம்பு சரியில்லையா தம்பி?" என்று கேட்டுவிட்டு அதையும் எடுத்துச் சாப்பிட்டார். அப்போது மால்சுன் அம்மாளிடமிருந்து ஒரு படம் வந்தது. காலியான கிம்ச்சி ஃப்ரிட்ஜ். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. கீழே எழுதியிருந்தாள்: 'ஐயா, எல்லாக் கிம்ச்சியையும் கொட்டிட்டேன். வெந்நீர் ஊத்தி மூணு தடவை கழுவிட்டேன். இனிமே மருந்துக்குன்னே தனியா வெச்சிக்கிறேன். அடுத்த தடவையும் எங்க ஊருக்கே குடுங்க.'

குளிர்காலம் முழுக்க ஒரு வீடு சாப்பிட வேண்டிய கிம்ச்சி அது. கிமான் எழுந்து கழிப்பறைக்குப் போய், கதவைத் தாழிட்டுக்கொண்டு, அவளைத் திரும்பக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை. ஆறு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் விருது விழா. பொற்கருமுட்டை என்பது பார்ப்பதற்கு வேகவைத்த கோழி முட்டைக்குப் பொன்முலாம் பூசியது போல இருந்தது. நாம்குங் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் பேசினார்.

"இந்தப் பெருமை எனக்கு மட்டும் உரியதல்ல. என் ஆய்வுக்கூடத்துக்கு உரியது. ஆய்வுக்கூடம் என்னுடையது என்பது வேறு விஷயம். நான் ஒருநாளும் அந்தக் கொட்டிலுக்குப் போனதில்லை. போயிருந்தால் என் பார்வையில் ஒருதலைப்பட்சம் வந்திருக்கும். தொலைவில் இருந்ததால்தான் தெளிவாகக் காண முடிந்தது."

பிறகு நன்றி சொல்லச் சாம்பல் பட்டைக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினார்கள். கிமான் ஒலிவாங்கியைப் பிடித்தான். சுற்றி வளைத்தால் இரண்டு நிமிடம் போதாது என்று பட்டது.

"பசுக்கள் சினையானது எங்க சாற்றால இல்லை. பக்கத்துக் கொட்டில் காளை வேலிய உடைச்சிக்கிட்டு வந்துச்சு. ஆறு கன்னு வரி வரியாப் பொறந்திருக்கு. எனக்கு மார்ச்லேயே தெரியும். சொல்லாம இருந்தேன். அந்தச் சாற்றை நம்பிச் செஞ்சதுல பதினொரு மாடு வெறும் வயிறோட நிக்குது. அதுங்களை வெட்டக் கொண்டுபோகப் போறாங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க."

பிறகு முன்வரிசையில் ஓர் ஊதாப் பட்டை சிரித்தது. மண்டபம் முழுவதும் அந்தச் சிரிப்பு பரவியது. தொகுனாகா கண்களைத் துடைத்துக்கொண்டு, "தோ சென்செயின் நகைச்சுவைக்கு நன்றி" என்றார்.

"நகைச்சுவை இல்லைங்க" என்றான் கிமான். இப்போது அவன் கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. சிரிப்பு அங்கங்கே அடங்கியது. நீலப் பட்டைக்காரர் ஒருவர் கை தூக்கினார்.

"அந்தக் காளை பசுக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததா?"

"இல்லைங்க. அதுவா பாத்து..."

"அப்படியானால் தேர்வில் ஒருதலைப்பட்சம் இருக்கிறது. காளையின் முறையியல் பலவீனமானது."

இன்னொருவர் எழுந்தார். "காளை பங்கேற்றது உண்மையானால் அதன் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தத் தரவை நாம் கருத்தில் கொள்ளவே கூடாது. காளை வரவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்."

பெரிய ஆதரவு எழுந்தது. ஊதாப் பட்டைகள் மட்டும் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டன. பச்சைத் தேநீரும் பயற்றுப் பூரணப் பலகாரமும் உள்ளே போயின. நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. தொகுனாகா தீர்மானத்தை வாசித்தார்.

"பேரவை விருது வழங்கியது ஆய்வுச் சுருக்கத்துக்கே அன்றி மாடுகளுக்கு அல்ல. சுருக்கத்தில் காளை இல்லை. ஆகவே சுருக்கத்தில் பிழையும் இல்லை. விருது நிலைநிற்கிறது. அதேவேளை, ஆய்வு நாளன்று வேலி தாண்டி வந்த காளையே மேற்படி சினைகளுக்குக் காரணம் என்றும், கடற்பாசிச் சாறு அல்ல என்றும் முனைவர் தோ கிமான் தாமே முன்வந்து வெளிப்படுத்திய நெஞ்சுரத்தைப் பேரவை போற்றுகிறது. அவருக்கு இப்பேரவையின் முதலாவது நேர்மைச் சான்றிதழை வழங்குகிறது."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. இந்த முறை நிஜக் கைதட்டல்தான். கானேயாசு அம்மையார் மிக உரக்கத் தட்டினார். கிமானின் சாம்பல் பட்டையைக் கழற்றிவிட்டு ஊதாவை மாட்டினார்கள். அவன் தொகுனாகாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, இதெல்லாம் வேண்டாம். எங்க மாவட்டத்துக்கு ஒரு வரி கடிதம் குடுங்க. அந்த முறையத் திரும்ப வாங்கிட்டோம்னு."

"திருத்தம் நம் இதழில் கட்டாயம் வரும். பதினாறு மாதம் ஆகும். அதுக்கு முன்னால கடிதம் கொடுக்க விதியில் இடமில்லை. சான்றிதழை வேண்டுமானால் இப்பவே கொடுக்கிறேன். முத்திரை காய்ந்துகொண்டிருக்கிறது."

படியிறங்கும்போது நாம்குங் அவன் தோளில் கை போட்டார். அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் கிமானுக்குப் பயமாக இருந்தது.

"கெட்டிக்காரன்யா நீ. ஒரே ஆய்வு, ரெண்டு விருது! இப்படியும் ஒரு வழி இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. அந்தச் சான்றிதழ எங்கிட்ட குடு. சட்டம் போட்டு வாசல்லயே மாட்டிடலாம்."

"எனக்கு இது வேணும் ஐயா."

"டிசம்பர் வருது, ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு ஐயா" என்றான் கிமான். சுவரொட்டிக் குழாயைத் திறந்து, எழுபத்தொன்றைச் சுருளோடு வெளியே உருவிக் குப்பைக்கூடையில் செருகினான். சான்றிதழைக் குழாய்க்குள் போட்டு மூடினான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் போங்கின் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். போங் நல்ல மனிதர். காபியைக் கலக்கி அவரே கொண்டுவந்து வைத்தார். கிமான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது டாக்டர். ஆனா வாயால சொன்னா நான் கோப்புல என்னத்த வெக்கிறது? எழுத்துல இருக்கா?"

கிமான் சான்றிதழை விரித்தான். போங் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் இருந்ததை விரல் வைத்து மூன்று முறை வாசித்தார்.

"இது உங்களுக்குக் குடுத்த விருதுல்ல?"

"ஆமா."

"ஆனா காளைன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"சாறு இல்லைன்னும் போட்டிருக்கு. முத்திரையும் இருக்கு. போன தடவை வந்த கடிதத்துல இருந்ததைவிடப் பெரிய முத்திரை." அவர் சுறுசுறுப்பாகி, படி எடுத்து, தன் முத்திரையையும் குத்தி, லாரிக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "நாளைக்கு வர வேணாம்ப்பா. ஏழு மாட்டையும் நிறுத்தியாச்சு."

"பதினொண்ணுங்க" என்றான் கிமான்.

"நாலு புதன்கிழமையே போயிருச்சே. முதல் நடையில யாரோடதை ஏத்துறதுன்னு ஊர்ல ஒரே ரகளை. பியோ அம்மாதான், 'தப்பு என்னோட ஃப்ரிட்ஜுது, மத்தவங்க மாட்டுக்கு முன்னால என்னோடது போகட்டும்'னு சொல்லி, தன்னோட நாலையும் தானே புடிச்சுக் கட்டி ஏத்திவிட்டாங்க. நாங்க யாரும் வற்புறுத்தல. மனசாட்சியுள்ள பொம்பளை."

கிமான் காபியைக் குடிக்காமல் எழுந்தான்.

மால்சுன் அம்மாள் கொட்டிலில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தாள். வரிக் கன்றுகள் அவளுடைய கையை நக்கிக்கொண்டு கூடவே சுற்றின. நான்கு தடுப்புகள் காலியாக இருந்தன. கழுவி விட்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ரப்பர் பூட்ஸோடு வேகமாக வந்தாள்.

"வாங்க டாக்டரய்யா! நீங்க கூப்பிட்டிருந்தீங்க. நான் அப்போ லாரி பின்னாலயே நடந்து போயிட்டிருந்தேன். கவனிக்கல."

கிமான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மார்ச்சிலிருந்து தொடங்கிச் சொன்னான். அவன் முடித்ததும் அவள் பூட்ஸில் ஒட்டியிருந்த வைக்கோலை உதறினாள்.

"அப்ப ஃப்ரிட்ஜ்?"

"அதுல ஒரு குத்தமும் இல்லம்மா."

"ஃப்ரிட்ஜாத்தான் இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"தெரிஞ்சே சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் மடியில் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் கையில் இருந்த குழாயைக் காட்டி, "அது என்ன?" என்றாள்.

அவன் சான்றிதழை எடுத்து நீட்டினான். இதை வைத்துத்தான் ஏழு மாட்டை நிறுத்தினார்கள் என்று சொன்னான். அவள் வெளிச்சத்துக்குப் போய்த் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பொன்னிற ஓரம், பெரிய சிவப்பு முத்திரை. ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது.

"இதுல என் மாடுங்களப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்காங்களா?"

"இல்லம்மா."

"பின்ன யாரப் பத்தி?"

"என்னைப் பத்தி" என்றான்.

"என்னன்னு எழுதியிருக்கு?"

"நேர்மையான ஆளுன்னு."

மால்சுன் அம்மாள் அந்தக் காகிதத்தைக் கசங்காமல் சுருட்டி, குழாய்க்குள் போட்டு, மூடியைத் திருகி, இரண்டு கைகளாலும் அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"பத்திரமா வெச்சிக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, வைக்கோல் உதறப் போனாள்.